முன் பஃபர் நசுங்கவேண்டும்

கண்டிப் பக்கத்தில் வீட்டு முற்றத்திலேயே பகி வண்டி கட்டும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மறுபடி வரத் தொடங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் பதினைந்து வருஷப் பழைய காருக்கே ஆனை விலை, குதிரை விலை சொன்னார்கள். அந்த நாட்களில்தான் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த மாருதி 800 எஞ்சினும், விபத்தில் மடங்கிய ஓட்டோவின் கியர் பெட்டியும் பிள்ளைகளின் கண்ணில் பட்டன. பைப்பை வளைத்துக் கூடு கட்டி, எஞ்சினைப் பின்னால் ஏற்றி, நாலு சக்கரம் பூட்டி, அலகல்ல மலையடிவாரத்துத் தோட்டப் பாதைகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இதை யாரும் குறை சொல்லவேண்டாம். ஒரு வண்டியை அடியிலிருந்து நுனிவரை தன் கையால் கட்டி ஓட்டிப் பார்த்த பையனுக்கு இருக்கும் அறிவு, எந்தச் சான்றிதழாலும் வராது. பக்கத்துப் பிலிமத்தலாவையில் தலைமுறை தலைமுறையாகப் பித்தளை வார்க்கிறார்கள். உலோகத்தோடு புழங்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை. என் முறைப்பாடு ஒன்றுதான். இந்த வண்டிகளின் முன்பக்கம்.

நான் ரத்மலானை ரயில்வே வேலைத்தலத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கடுகண்ணாவையில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கம்பி, ஹேன்ட் டிராக்டர் டிரெய்லருக்கு ஒட்டு, இவைதான் வழக்கமான வேலை. பகி கட்டும் பிள்ளைகள் கூட்டை ஓரளவு தாங்களே முடித்துவிட்டு, முன் பஃபருக்கு மட்டும் என்னிடம் வருவார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"மாமா, பஃபருக்கு ரெண்டு இஞ்சி பைப் போடவா, ரெண்டரை போடவா?"

"எதுக்குத் தம்பி அவ்வளவு கனம்?"

"எங்க இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது மாமா."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் மாற்ற நினைக்கிறேன். வண்டிக்கு ஏதாவது ஆகவேண்டும். ஆகாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஆகும், இல்லாவிட்டால் எதிரே நிற்பவருக்கு ஆகும்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஓட்டுபவரையும் சேர்த்து வண்டி 450 கிலோ. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போய் ஒரு பலா மரத்தில் மோதுகிறது. அந்த நேரத்தில் வண்டியிடம் இருக்கும் சக்தி 15,600 ஜூல் அளவு. அது எங்கேயாவது செலவாகித்தான் தீரவேண்டும். பஃபரும் கூடும் இரும்பாக நின்று, 5 சென்றிமீற்றருக்குள் வண்டி நின்றுவிட்டால், பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் உடம்பின்மேல் புவியீர்ப்பைப்போல 70 மடங்கு விசை வரும். 65 கிலோ எடையுள்ள பையனை அந்தக் கணத்தில் பெல்ட் நாலரைத் தொன் கனத்தோடு பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். அதே வண்டி, அதே மரம், அதே வேகம். முன்பக்கம் 20 சென்றிமீற்றர் நசுங்கிக்கொண்டே நின்றால் விசை 18 மடங்குக்குள் இறங்கிவிடும். 30 சென்றிமீற்றர் கிடைத்தால் 12 மடங்கு. எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதும் போகாமல் விடுவதும் அந்த ஓரடி நீளத்தில்தான் இருக்கிறது. பெல்ட் கட்டாதவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவருடைய நெஞ்சு ஸ்டியரிங்கில்தான் நிற்கும்.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் கம்பனியில் இருந்த பேலா பாரெனி என்ற எஞ்சினியர் 1951இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நடுவில் மனிதர்கள் இருக்கும் பெட்டி உறுதியாக நிற்கவேண்டும், முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. 1959இல் வந்த மெர்சிடிஸ் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் காரை எவ்வளவு கெட்டியாகக் கட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்றே எல்லோரும் நம்பினார்கள். இன்று நம் வீதிகளில் ஓடும் ஒவ்வொரு ஜப்பான் காரும் பாரெனியின் வழியில் செய்ததுதான். வீட்டில் கட்டும் பகி மட்டும் இன்னும் 1950க்கு முன்னால் நிற்கிறது.

கடுகண்ணாவை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ரயில்வே நூதனசாலை இருக்கிறது. நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருஷம் நிறைந்த 2014 டிசம்பர் 27இல் அதைத் திறந்தார்கள். பகி கட்டும் பிள்ளைகளை நான் அங்கே அனுப்புவதுண்டு. பழைய எஞ்சின்களின் முன்னால் இரண்டு பக்கமும் வட்டத் தகடோடு நிற்கும் பஃபர்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். தகட்டுக்குப் பின்னால் தண்டு, தண்டைச் சுற்றிப் பெட்டி, பெட்டிக்குள் கனத்த ஸ்பிரிங். நீராவிக் காலத்தில் ரம்புக்கனையிலிருந்து ரயில் மேட்டில் ஏற, பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் தள்ளும். அவ்வளவு தள்ளலும் இந்தப் பஃபர்கள் வழியாகத்தான் பெட்டிகளுக்குப் போகும். பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும்போது ஸ்பிரிங் உள்ளே போகும், திரும்ப வரும். தினமும் அடி வாங்குவதற்காகவே செய்த சாமான் அது. நடக்கும் வேகத்தில் வரும் முட்டலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பிள்ளைகள் திரும்பி வந்து, "அப்ப ஸ்பிரிங் போட்டுடலாமே மாமா" என்பார்கள். சிலர் பழைய டயரை முன்னால் கட்டலாமா என்று கேட்பார்கள். மெல்லிய முட்டலுக்கு டயர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங்கும் ரப்பரும் வாங்கிய சக்தியில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். 30 கிலோமீற்றரில் மோதினால் வண்டி முன்னால் நின்று, உடனே பின்னால் எறியப்படும். கழுத்துக்கு இரண்டு அடி. மடங்கிய இரும்பு மட்டும்தான் வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

பட்டறையில் இதைக் கண்ணால் காட்டலாம். பழைய லொறி பிரேக் டிரம்களை ஒன்றாகப் போல்ட் போட்டு 100 கிலோ எடைக்கட்டி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். இரண்டு எல் அயன்களை நிமிர்த்தி நட்டு, அவற்றுக்கு நடுவே செயின் புளொக்கால் ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு எடைக்கட்டியைத் தூக்கி, எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து கயிறை இழுத்து விடுவேன். கீழே கனத்த தகட்டின்மேல் பொக்ஸ் பார் துண்டு நிமிர்ந்து நிற்கும். அந்த விழுகை, நம்முடைய 450 கிலோ வண்டி மணிக்கு 9 கிலோமீற்றரில் மோதுவதற்குச் சமம்.

மூன்று மில்லிமீற்றர் கனமுள்ள தடித்த துண்டை வைத்தால், காது அடைக்கும் சத்தம் வரும். எடைக்கட்டி துள்ளி மேலே போகும். துண்டின் நுனியில் கொஞ்சம் வாய் விரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் கீழ்த்தகட்டைச் சீமெந்தில் பிடித்திருந்த போல்ட்கள் தளர்ந்து, சுற்றிலும் சீமெந்து பொரிந்து கிடக்கும். அந்தச் சீமெந்தின் இடத்தில்தான் வண்டிக்குள் நம்முடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து இரண்டு அங்குலச் சதுரப் பொக்ஸ் பார், சுவர் 1.2 மில்லிமீற்றர், நீளம் எட்டு அங்குலம். மேல் நுனியில் நாலு மூலையிலும் கிரைண்டரால் அரை அங்குல வெட்டுப் போட்டிருப்பேன். எடைக்கட்டி விழும்போது கேட்பது 'தொப்' என்ற மங்கல் சத்தம். துள்ளல் இல்லை. துண்டை எடுத்துப் பார்த்தால் மேலிருந்து மூன்று அங்குலம்போல ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கியிருக்கும், கைவைத்தால் மடிப்புகள் சூடாக இருக்கும். மூலையில் அந்த வெட்டுப் போடாத துண்டு சில நேரம் நடுவில் முழங்கை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து ஒடிந்துவிடும். சாய்ந்த துண்டு அடியை வாங்காது. நேராக மடியவேண்டும், நுனியிலிருந்து மடியவேண்டும், அதற்குத்தான் வெட்டு. கீழ்த்தகட்டின் போல்ட்கள் அசையாமல் இருக்கும். இதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அதற்குப் பிறகு ரெண்டரை இஞ்சி பைப் கேட்டதில்லை.

இப்படி இரண்டு துண்டு, இடமும் வலமுமாக, கூட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே. என் கணக்கின்படி மணிக்கு 15 கிலோமீற்றர் மோதலை அவை தாங்களே விழுங்கிவிடும், கூட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் வேகம் என்றால் அடுத்ததாகக் கூட்டின் மூக்குப் பகுதி மடங்கவேண்டும், கடைசியாகத்தான் ஆள் இருக்கும் பெட்டி. முன்னால் மெல்லியது, பின்னால் போகப் போகத் தடித்தது. இந்த வரிசையை மாற்றவே கூடாது. நம் பிள்ளைகள் செய்வதோ தலைகீழ். ஆள் இருக்கும் கூட்டை ஒரு அங்குல ஜீ.ஐ. தண்ணீர்ப் பைப்பில் கட்டிவிட்டு, பஃபருக்கு மட்டும் கேர்டர் தேடி வருகிறார்கள். தண்ணீர் போகச் செய்த பைப்பில் உயிரை ஒப்படைக்கவேண்டாம். நாகப்பூச்சு உள்ள பைப்பை வெல்ட் பண்ணும் புகை சும்மா விடாது, இரவில் குளிர் காய்ச்சல் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டுக்கு என்ன அளவு என்று கேட்பவர்களுக்கு மாணவர்களின் பாஹா பந்தய விதியையே சொல்கிறேன். இந்தியாவில் 2007 முதல் இந்தூருக்குப் பக்கத்துப் பிதம்பூரில் பொறியியல் மாணவர்கள் தாங்கள் கட்டிய பகிகளோடு போட்டிக்கு இறங்குகிறார்கள். அங்கே கூட்டின் முக்கியப் பைப் வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர், சுவர் 3 மில்லிமீற்றர், உருக்கில் கரி 0.18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வேறு அளவு போட்டால் அதே உறுதி உண்டென்று கணக்கால் காட்டவேண்டும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபோர்முலா பாரத் போன்ற போட்டிகளில் மூக்குப் பகுதிக்கே தனிப் பரீட்சை உண்டு. 300 கிலோ வண்டி செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 25 கிலோமீற்றரில் சுவரில் மோதினால், சராசரி விசை புவியீர்ப்பின் 20 மடங்கைத் தாண்டக் கூடாது, உச்சம் 40ஐத் தாண்டக் கூடாது. குறைந்தது 7,350 ஜூலை மூக்கிலுள்ள நசுங்கும் துண்டே வாங்கவேண்டும். இதைச் சோதித்து அறிக்கை கொடுக்காத கல்லூரி வண்டி பந்தயத்துக்கு இறங்க முடியாது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள். நம் பிள்ளைகளாலும் முடியும்.

பகியில் ஓட்டுபவரின் கால் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். காரில் காலுக்கு முன்னால் எஞ்சின் இருக்கும், ரேடியேட்டர் இருக்கும், இரண்டு மூன்று அடி இடம் இருக்கும். பகியில் எஞ்சின் பின்னால் போய்விட்டது. பெடலை முழுதாக மிதித்தால் பெருவிரலுக்கும் முன் பைப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. சில வண்டிகளில் கால் முன் சக்கரத்தின் அச்சையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே கனத்த பஃபரை நேராகக் கூட்டோடு வெல்ட் பண்ணினால், மோதலில் பஃபர் அப்படியே பின்னால் வந்து கணுக்காலில்தான் நிற்கும். ஆகவே பஃபர் வரைவதற்கு முன் அளக்கவேண்டியது காலைத்தான். பெடலை அடிவரை மிதித்த நிலையில் விரல் நுனியிலிருந்து முன்னால் குறைந்தது ஓரடி வெறும் இடம் வேண்டும். அந்த இடத்தில் பெற்றரி வைக்கவேண்டாம், பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரும் துருத்திக்கொண்டு நிற்கவேண்டாம். நசுங்கவேண்டிய இடத்தில் நசுங்காத சாமான் இருந்தால் அதுவே ஈட்டியாகிவிடும்.

துண்டுகளைக் கூட்டோடு வெல்ட் பண்ணவே வேண்டாம். 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று கூட்டில், ஒன்று துண்டின் அடியில். நாலு 10 மில்லிமீற்றர் போல்ட். அடிபட்டால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் துண்டைப் பூட்டலாம். ஒன்றரை அடிப் பொக்ஸ் பாரும் ஒரு மணித்தியால வேலையும்தான் செலவு. வெல்ட் பண்ணியிருந்தால் ஒவ்வொரு முறையும் கூட்டைச் சூடாக்கி, வெட்டி, ஒட்டி, கூடு பலவீனமாகிக்கொண்டே போகும்.

குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனையும் டயருக்கு முன்னால் பின்பக்கமாக வளைந்திருக்கவேண்டும். வெட்டிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த முனை வேலிக் கம்பத்தில் கொளுவினால் வண்டி சுழலும். ஒரு மனுஷரில் பட்டால் என்ன ஆகும் என்று எழுதவே மனம் வரவில்லை. சேற்றில் மாட்டினால் இழுக்கும் கொக்கியைப் பஃபரில் வைக்கவேண்டாம், கூட்டிலேயே வையுங்கள். நசுங்கச் செய்த சாமானைப் பிடித்து இழுத்தால் அது கையோடு வந்துவிடும். இழுபடும் கயிறோடு பறந்து வரும் இரும்பு ஆளைக் கொல்லும்.

இனி எதிரே நிற்பவர். பகி தோட்டத்துக்குள்தான் ஓடுகிறது என்பார்கள். தோட்டப் பாதையில் யார் நடக்கிறார்கள்? கொழுந்துக் கூடையோடு போகும் அக்காமார், பாடசாலைப் பிள்ளைகள், கடைக்குப் போகும் ஆச்சி. பாதையோரத்தில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மண்திட்டு, மறு பக்கம் பள்ளம், ஒதுங்க இடமே இல்லை. நம் நாட்டில் வீதி விபத்தில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அவர்களில் பெரும்பங்கு நடந்து போனவர்களும் மோட்டார் சைக்கிளில் போனவர்களும்தான். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து, பாதையோரம் நின்றவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். வண்டியோடு விளையாடும் இடத்தில் சாவது வண்டிக்கு வெளியே நிற்பவர்களாகவும் இருக்கலாம்.

ஒற்றைப் பைப் பஃபர் ஆளில் பட்டால் எல்லா அடியும் ஒரே கோட்டில் இறங்கும். பகியில் அந்தக் கோடு பெரியவர்களுக்கு முழங்கால், சின்னப் பிள்ளைக்கு இடுப்பு, இன்னும் சின்னதென்றால் நெஞ்சு. அகலமான முகம் வேண்டும். அதற்கு முன்னால் மூன்று அங்குலமாவது நுரை வேண்டும், மேலே பிளாஸ்டிக் தோல் வேண்டும். கார் பஃபரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது இதேதான். தோல், நுரை, குறுக்குச் சட்டம், அதற்குப் பின்னால் நசுங்கும் இரண்டு பெட்டி. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய விட்ஸ், ஓல்ட்டோ கார்களின் முன் சட்டம் பெட்டியோடு கிடைக்கும். தனக்கென்று வரைய நேரமில்லாத தம்பி அதை வாங்கி, தன் கூட்டுக்கு ஏற்ற தகடு வைத்துப் பூட்டலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கார் 800, 1,000 கிலோ எடைக்குச் செய்தது. உங்கள் வண்டி பாதி எடை. அந்தப் பெட்டி உங்கள் வண்டிக்குக் கெட்டியாகவே இருக்கும். மூலைகளில் வெட்டுப் போட்டு இளக்கிவிடுங்கள், எடைக்கட்டியின் கீழ் வைத்துப் பாருங்கள்.

கனத்த இரும்பு பஃபருக்கு உலகம் என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் 2005இலேயே, ஜீப்களின் முன்னால் பூட்டும் கம்பிச் சட்டங்கள் பாதசாரிப் பரீட்சையில் தேறினால்தான் விற்கலாம் என்று விதி வந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி இரும்பு முன்சட்டங்களைக் கழற்றும்படி மாநிலங்களுக்கு எழுதியது. நம் நாட்டிலும் 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்றச் செய்தார்கள். அப்போது பலர் கோபப்பட்டார்கள். நான் அந்த நடவடிக்கையின் பக்கம்தான். ஆனால் கழற்றச் சொல்வதோடு நின்றுவிட்டால், ஏன் என்று யாருக்கும் விளங்காது. அடுத்த மாதம் மறுபடி பூட்டிவிடுவார்கள்.

"மலையில ஓட்டுறோம் மாமா, கல்லு இருக்கு, கட்டை இருக்கு, காட்டுப்பன்றி குறுக்கால பாயுது. மெல்லிய பஃபர் ஒரே நாள்ல போயிடும்" என்பார்கள். நியாயமான பேச்சு, அதனால் பதில் சொல்கிறேன். கல் தட்டுவது பஃபரில் இல்லை, அடியில். அதற்கு வேண்டியது அடித்தகடு. 3 மில்லிமீற்றர் தகட்டை மூக்கின் கீழிருந்து சாய்வாகப் பின்னால் கொண்டுபோய்க் கூட்டில் பிடித்துவிடுங்கள். ஸ்டியரிங்கின் டை ரொட்டும் அதற்குள் தப்பிவிடும். கல்லில் ஏறி வழுக்கிப் போகவேண்டிய இடத்தில் கனம் இருக்கட்டும். பஃபரின் கீழ் விளிம்பை உயர்த்தி வைத்தால் மேடு ஏறும்போது முட்டாது. புதரை விலக்க ஒரு மெல்லிய கம்பி போதும். பன்றி பாய்ந்தால் நசுங்கும் துண்டு நசுங்கட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

பஃபருக்குச் செலவழிக்கும் முன் பிரேக்குக்குச் செலவழியுங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தை மோதலுக்கு முன் 20க்கு இறக்கிவிட்டால் மோதும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். எந்தப் பஃபராலும் அவ்வளவு உதவி செய்ய முடியாது. அமெரிக்காவில் காரின் பஃபருக்குச் சட்டம் வைத்திருக்கும் பரீட்சை வேகமே மணிக்கு 2.5 மைல்தான், மனுஷர் நடக்கும் வேகம். பஃபர் சின்ன முட்டலுக்கு. உயிரைக் காப்பது அதற்குப் பின்னால் நசுங்கும் நீளமும், பெல்ட்டும், பிரேக்கும்.

பதிவில்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது. வீட்டில் கட்டிய பகிக்குப் பதிவு எடுப்பது இலேசான காரியமும் இல்லை. அதனால் இந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் தோட்டத்துக்குள் ஓட்டுகிறார்கள், யாரும் சோதிப்பதும் இல்லை. தடை பண்ணினால் இன்னும் உள்ளே போவார்கள், அவ்வளவுதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சிங்களத்திலும் தமிழிலும் நாலு பக்கத்தில் ஒரு வழிகாட்டி போடட்டும். கூட்டின் பைப் அளவு, பெல்ட்டைப் பிடிக்கும் இடம், காலுக்கு முன்னால் விடவேண்டிய நீளம், முன்சட்டத்தின் முனை வளைவு, பிரேக். இவ்வளவும் இருந்தால் போதும். கட்டிய வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு பரிசோதகர் பார்த்து, தனியார் காணிக்குள் ஓட்டலாம் என்று ஒரு தாள் கொடுக்கட்டும். பேராதனைப் பொறியியல் பீடம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்த அளவுகளைச் சரிபார்த்துக் கொடுக்க அங்குள்ளவர்களுக்குச் சில நாள் வேலைதான்.

தொழில்நுட்பக் கல்லூரிகளில் வெல்டிங் படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒட்டுப் பிடிக்கிறதா என்று ஒடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அதோடு ஒரு நாள், துண்டுகளை நசுக்கிப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். எங்கே ஒடியக் கூடாது, எங்கே மடங்கவேண்டும் என்ற இரண்டும் தெரிந்த வெல்டர்தான் வண்டியைத் தொடவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பகிக்குக் காசு கேட்கும் பிள்ளையை ஏசி அனுப்பவேண்டாம். பைப்புக்குக் காசு கொடுக்கும்போது பெல்ட் வாங்கினாயா, ஹெல்மெட் வாங்கினாயா, பிரேக்குக்கு என்ன போட்டாய், காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட்டாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு எஞ்சின் கொடுக்கவேண்டாம்.

இந்த விடுமுறையில் வண்டி கட்ட இருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முன்பக்கத்தை வெல்ட் பண்ணுவதற்கு முன் நீங்கள் போட நினைத்திருக்கும் பைப்பில் எட்டு அங்குலம் வெட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்கு வாருங்கள். எடைக்கட்டியும் செயின் புளொக்கும் பட்டறையில் இருக்கின்றன. நசுக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.